வீட்டு பிபி மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி கைய அளந்துக்கோங்க

அப்பாவுக்கு பிபி மாத்திரை ஆரம்பிச்சப்ப டாக்டரம்மா வீட்லயே அளந்து நோட்ல எழுதிட்டு வாங்கன்னு சொன்னாங்க, அதுக்காக வாங்கினது இது. மேல்கைல சுத்துற டைப், நாலு பென்சில் பேட்டரி, ரெண்டாயிரத்துக்குள்ள. பிராண்ட் பேர் போடல, ஏன்னா சொல்லப்போறது முக்காவாசி எந்த பிராண்டுக்கும் பொருந்தும்.

நல்ல விஷயம்னா ஒரே பட்டன், நம்பர் பெருசா தெரியுது, அப்பா கண்ணாடி இல்லாமலே படிச்சிடறாரு. கடுப்பு என்னன்னா கூட குடுத்த கஃப், அதான் கைல சுத்துற காத்துப் பட்டை. 22ல இருந்து 32 செ.மீ. சுத்தளவு கைக்குத்தான் செட்டாகும், அட்டைல பொடி எழுத்துல போட்டிருக்கான். எங்க மச்சான் ஜிம் போற ஆளு, அவர் கைக்கு இது பத்தல, ஆனாலும் இழுத்து ஒட்டி பாத்தா 150ன்னு காட்டி வீடே கலவரமாயிடுச்சு, கிளினிக்ல பெரிய கஃப் போட்டு பாத்தா நார்மல். சின்ன கஃப் போட்டா இல்லாத பிபிய கூட்டித்தான் காட்டும். 22-42 கஃப் தனியா காசு குடுத்து வாங்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் ரிவ்யூல நிறைய பேரு "அஞ்சு நிமிஷத்துல மூணு தடவ பாத்தா மூணு நம்பர் வருது, டப்பா மெஷின்"னு ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க, பாவம் மெஷின் என்ன பண்ணும். பிபியே ஒரு இடத்துல நிக்காதுங்க. படுத்திருக்கறவங்க எழுந்து நின்னாலே அரை லிட்டருக்கு மேல ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கும், கழுத்து ரத்தக்குழாய்லயும் இதயத்துல இருந்து கிளம்புற பெரிய குழாய் வளைவுலயும் இருக்குற சென்சார் நரம்புங்க அத உடனே மூளைக்கு சொல்லி, இதயத்த வேகமாக்கி குழாய்ங்கள இறுக்கி சில செகண்ட்ல சரி பண்ணிடும். அதனால மாடிப்படி ஏறி வந்த மூச்சோட, டீ குடிச்ச கையோட, பேசிக்கிட்டே பாத்தீங்கன்னா ஏறித்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா சாஞ்சு உக்காந்து, கால் தரைல, கை நெஞ்சு மட்டத்துல டேபிள் மேல வச்சு, ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவ பாத்து சராசரி எடுங்க. கைய தொங்கப்போட்டாலும் கூடத்தான் வரும்.

இன்னொண்ணு, டாக்டர் ஸ்டெத் வச்சு சத்தம் கேக்குறது 1905ல ரஷ்யாக்காரர் கொரோட்காஃப் சொன்ன முறை. இந்த மெஷின் சத்தமே கேக்கல, கஃப்ல காத்து இறங்கும்போது வர்ற துடிப்ப பாத்து, துடிப்பு பெருசா வர்ற இடத்த வச்சு மேல் நம்பரையும் கீழ் நம்பரையும் கம்பெனி ஃபார்முலால கணக்கு போடுது. கைய ஆட்டினாலோ நாடி தாறுமாறா அடிக்கிறவங்களுக்கோ கணக்கு தப்பும். நாடி தாறுமாறுன்னு காட்டுற இதயப் படம் அடிக்கடி வந்தா நம்பர நம்பாம டாக்டர்ட்ட காட்டுங்க.

"எனக்குத்தான் தலையே சுத்தலையே, எதுக்குடா தினமும்"னு அப்பா கேப்பாரு. சுத்தாது, அதான் பிரச்சனையே. செகண்ட் கணக்குல பாத்துக்கறது கழுத்து சென்சார், ஆனா மாசக்கணக்குல பிபிய பிடிச்சு வைக்கிறது கிட்னி. பிரஷர் கொறைஞ்சா ரெனின்னு ஒண்ண விடும், அது மூலமா ஆஞ்சியோடென்சின் உருவாகி குழாய இறுக்கும், உப்பையும் தண்ணியையும் உடம்புல நிறுத்தும். பிரஷர் ஏறினா உப்ப ஒண்ணுக்குல தள்ளிவிடும். வயசு, வெயிட்டு, பரம்பரை, ஊறுகா அப்பளம் கருவாடுன்னு எல்லாம் சேர்ந்து, அதே உப்ப வெளிய தள்ள கிட்னிக்கு கூடுதல் பிரஷர் வேண்டியதாயிடுது, குழாயும் விறைச்சுப் போகுது. கழுத்து சென்சார் என்ன பண்ணும்னா, நாளாக நாளாக 150தான் நார்மல்னு பழகிக்கிட்டு அந்த அளவையே காவல் காக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் எங்க அறிகுறி வரும்? அப்பா போடுற டெல்மிசார்டன் அந்த ஆஞ்சியோடென்சின் வேலைய தடுக்குறதுதான், நல்லா இருக்கேன்னு நிறுத்தினா பழையபடி ஏறிடும்.

மெஷின் சைடுல பச்சை மஞ்சள் சிவப்பு கோடு இருக்கு, அத பாத்து பயப்படவும் வேணாம் குஷியாகவும் வேணாம். கிளினிக்ல 140/90ன்னா வீட்ல 135/85தான் வழக்கமா பாக்குற எல்லை, ஏன்னா டாக்டர் ரூம்ல நிறைய பேருக்கு பதட்டத்துல ஏறும். சிலருக்கு தலகீழா அங்க நார்மல், வீட்ல கூட, அவங்களத்தான் இந்த மெஷின் காப்பாத்தும்.

ப்ளூடூத் ஆப் வேஸ்ட், லாகின் கேட்டே உயிர எடுக்குது, எழுதி வைக்க பத்து ரூவாக்கு ஒரு நோட்டுப் புக்கு போதும். மணிக்கட்டுல கட்டுற மாடல் பக்கம் போகாதீங்க, கை மட்டம் கொஞ்சம் மாறினாலும் நம்பர் மாறும். மொத தடவ ரெண்டு கைலயும் பாத்துட்டு எதுல கூட வருதோ அந்தக் கைலயே பாருங்க. பெரியவங்க எழுந்தா கிறுகிறுங்குதுன்னா உக்காந்து ஒண்ணு, நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒண்ணு பாருங்க, மேல் நம்பர் 20 இறங்கினா மாத்திரைய நீங்களா கொறைக்காம டாக்டர்ட்ட சொல்லுங்க.

நாலு ஸ்டார். அடாப்டரும் தனியாத்தான் விக்கிறான், அதுக்கு இன்னொரு அரை ஸ்டார் கொறைச்சுக்கோங்க.