பாகு குடித்த ஜிலேபி

பழைய வண்ணாரப்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். கரைசல்கள் பாடம் வரும் வாரம், தங்கசாலைத் தெருவில் ஒரு சின்னக் கடையில் கால் கிலோ ஜிலேபி வாங்கிப் போவேன். மின்ட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் அடுப்பு பற்றும்.

புளித்த மைதா மாவைத் துணி வழியே எண்ணெயில் சுற்றிப் பிழிகிறார்கள். சிவந்ததும் எடுத்து நேராகச் சூடான பாகில். கொஞ்ச நேரம்தான். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழாய் நெடுகப் பாகு. மாவின் புளிப்பு இருப்பதால் நாலு தின்றாலும் திகட்டவில்லை.

"நல்லா குடிச்சிருக்கு டீச்சர், பாருங்க" என்பார் கடைக்காரர். சரியான வார்த்தை அது. தொப்பலாக நனைப்பதை ஆங்கிலத்தில் 'ட்ரென்ச்' என்கிறோமே, பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குடிக்க வைப்பது என்றுதான் பொருள். 'ட்ரிங்க்' அதன் உடன்பிறப்பு.

போன வருஷம் ஒரு பையன் கேட்டான்: "தெவிட்டிய கரைசல்னா என்ன மிஸ்?" ஜிலேபியை நீட்டி, "திகட்டுதுன்னு சொல்றோமே, அதேதான்டா" என்றேன். 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும், தண்ணீருக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் இது 'சாச்சுரேட்டட்'. அதன் வேர் லத்தீனில் 'சத்துர்': வயிறார உண்ட என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'சாச்சுரேட்' என்றால் திருப்திப்படுத்துவது. முழுக்க ஊறவைப்பது என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நம் பாடநூலுக்குத் 'தெவிட்டிய' என்று எழுதியவரைக் கும்பிடத் தோன்றுகிறது. அதே வயிற்றைத் தமிழிலும் தொட்டுவிட்டார். மனப்பாடம் செய்ய வேண்டிய சொல்லே இல்லை இது.

குறை ஒன்று உண்டு. பார்சலைச் சூடாகவே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடுகிறார்கள். வீடு வருவதற்குள் ஆவி வியர்த்து மொறுமொறுப்பு போய்விடுகிறது. காகிதத்தில் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருகிறார்கள். மறுநாள் வரை வைத்தால் மேலே வெள்ளையாகச் சர்க்கரை பூத்துவிடும், அன்றைக்கே தின்றுவிடுங்கள். பாடம் நடத்துபவர்கள் மட்டும் இரண்டு எடுத்து வையுங்கள். சூட்டில் கரைந்த சர்க்கரை ஆறியதும் வெளியே வருவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.