ஏழே நாளில் இலை கரும்பச்சை ஆனால் அது வேம் இல்லை: மாடியில் ஆலிவ் வளர்ப்பவர்கள் கவனிக்க

பெங்களூரில் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஆலிவ் மரத்துக்கென்றே ஒரு மைக்கோரைசா பொட்டலம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மைக்கோரைசா என்றால் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சை; அதில் வேருக்குள் புகுந்து வாழும் வகைக்குத்தான் வேம் (VAM) என்று பெயர். அரைக் கிலோ 1,450 ரூபாய். விற்கிறவர் தமிழ்தான் பேசுவார், "அக்கா, ஒரு வாரத்தில் ரிசல்ட்" என்பார், பில் கேட்டால் "அனுப்பிவிடுகிறேன்" என்பார். எங்கள் குழுவில் ஆறு வீடுகள் வாங்கி ஒன்பது கன்றுகளுக்குப் போட்டோம். நான்கு கன்றுகள் போய்விட்டன. பொட்டலத்தைப் பிரித்து ஆராய்ந்ததில் தெரிந்தது இது.

உள்ளே இருப்பது கருப்புப் பொடி. ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் போட்டால் டிகாஷன் மாதிரி கரைந்துவிடுகிறது, அடியில் வண்டல் தங்குவதில்லை. மண்ணையோ வெர்மிகுலைட்டையோ தாங்கு பொருளாக வைத்துத் தயாரித்த வேம் இப்படிக் கரையாது. இது பெரும்பாலும் ஹியூமேட், அதாவது மக்குச்சத்தின் கரையும் உப்பு. பொடிக்குள் சாம்பல் நிற மணிகள் கிடந்தன. ஊரில் பெரியவர்கள் டி.ஏ.பி. உரத்துக்குச் செய்யும் சோதனையையே செய்தோம்: கையுறை போட்டு, இரண்டு மணிகளை நசுக்கி, வெற்றிலைச் சுண்ணாம்போடு தேய்த்தோம். மூக்கைத் துளைக்கிற அம்மோனியா நெடி. ஒரு வாரத்தில் இலை கரும்பச்சை ஆன மாயம் அதுதான், தழைச்சத்து (நைட்ரஜன்).

டி.ஏ.பி. என்றால் விஷயம் இன்னும் மோசம், அதில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நிறைய. மரம் வேர்ப்பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதே மணிச்சத்தைத் தேடித் தருகிறது என்பதற்காகத்தான். கையெட்டும் தூரத்தில் மணிச்சத்து கொட்டிக் கிடந்தால் வேர் அந்தப் பூஞ்சையை உள்ளே விடாது. அதாவது பொட்டலத்தில் தப்பித்தவறி நல்ல பூஞ்சை வித்துகள் (ஸ்போர்) இருந்திருந்தாலும் கூடவே இருக்கும் உரம் அவற்றை வேலை செய்ய விட்டிருக்காது. நிஜமான வேம் வித்து முளைத்து, வேருக்குள் நுழைந்து பரவவே மூன்று நான்கு வாரம் ஆகும். செடியில் வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஏற்கெனவே உரம் தின்று கொழுத்த தொட்டியில் தெரியாமலும் போகலாம்.

அட்டையில் "கிராமுக்கு 10 கோடி வித்துகள்" என்று கொட்டை எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலிவ் வேரோடு சேரும் குளோமஸ் வகைப் பூஞ்சையின் வித்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு. வேறு எதுவும் கலக்காமல் வெறும் வித்தையே அள்ளி நிறுத்தாலும் ஒரு கிராமில் சுமார் 20 லட்சம்தான் அடங்கும். கோடிக் கணக்கு எங்கிருந்து வருகிறது? பொடி எழுத்தில் பைசோலிதஸ் என்று ஒரு பெயர் இருந்தது. அது பைன், யூகலிப்டஸ் வேரின் மேல் உறை கட்டுகிற புறப்பூஞ்சை. வித்து தூசி மாதிரி சின்னது, மலிவு, எண்ணிக்கை காட்டத் தோது. ஆலிவுக்கு அதனால் காலணா பிரயோஜனமில்லை. அதே அட்டையில் முள்ளங்கிக்கும் முட்டைக்கோஸுக்கும் சிபாரிசு வேறு! கடுகுக் குடும்பம் வேர்ப்பூஞ்சையோடு சேரவே சேராது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

ஆனால் கன்றைக் கொன்றது பொடியைவிடச் செய்முறைதான். "நுண்ணுயிர் சாகாமலிருக்க 30 நாள் மண் ஈரம் காயக்கூடாது" என்று எழுதியிருந்தது. ஆலிவ் சுண்ணாம்பு மண்ணிலும் கல்லாங்காட்டிலும் பிழைக்கிற மரம், வேர் நனைந்தே கிடந்தால் தாங்காது. தென்னை நார்க்கழிவு நிறைந்த தொட்டியில் தினமும் தண்ணீர் என்றால் அழுகல் நிச்சயம். முதலில் நுனி இலை சுருளும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். அங்கேதான் கன்று கைவிட்டுப் போகிறது. வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் போல நரம்பு மட்டும் நின்றால் அந்த வேர் முடிந்தது.

பிழைத்த ஐந்தும் இப்படித்தான் பிழைத்தன: தொட்டியைக் கவிழ்த்து, பழுப்பு வேரை வெள்ளை தெரியும் இடம்வரை வெட்டி, மேலே கிளையிலும் மூன்றில் ஒரு பங்கு கழித்தோம். இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு கரடு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு பிடி சூளையில் சுடாத வெறும் சுண்ணாம்புக்கல் தூள். நார்க்கழிவு கிடையாது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

நல்ல வேம் கிடைத்தால் தொட்டிக்கு 50 கிராம் போதும். மண்ணின் மேல் தூவுவது வீண். மாற்றி நடும்போது குழியில், வேரைத் தொடுகிற மாதிரி போட வேண்டும். அதன்பின் குறைந்தது இரண்டு மாதம் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட், கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மூன்றும் வேண்டாம்.

வாங்கும்முன் அட்டையைப் படியுங்கள். உயிர் உரங்கள் 2006 முதல் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. வேம் என்றால் அந்த ஆணை கேட்பது கோடிக் கணக்கில் அல்ல. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா மாதிரி பாக்டீரியா என்றால் பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி. கோடிக் கணக்கு அவற்றுக்குத்தான். பூஞ்சையின் பெயர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் பொட்டலத்தில் காலாவதித் தேதி மட்டும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. நேராகப் போய் வாங்க ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, கலப்பு நுண்ணுயிர் வேண்டுமானால் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா கூட்டுக்கலவை இருக்கிறது. பஸ் டிக்கெட்டோடு சேர்த்தாலும் 1,450 ஆகாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். மண்ணைக் குக்கரில் வேகவைத்து ஆறவிட்டு இரண்டு தொட்டியில் நிரப்பி, ஒன்றில் மட்டும் பொடி கலந்து இரண்டிலும் சோளம் விதையுங்கள். 45 நாள் கழித்து மெல்லிய வேரைக் கழுவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுக்க வேகவைத்து அலசி, வெள்ளை வினிகரில் 5 சதவீதம் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே வேர்த்தோலுக்குள் நீல இழையும் பைகளும் தெரியும். எங்கள் இரண்டு தொட்டி வேரும் ஒரே மாதிரி வெறுமையாக இருந்தன.

இன்னொன்று: "போட்டால் மூன்றாம் வருடம் காய்க்கும்" என்கிறார் விற்கிறவர். ஆலிவ் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் தேவை. ராஜஸ்தானில் 2008 வாக்கில் தோட்டம் போட்டதும் அங்கே பாலைவனக் குளிர் இருப்பதால்தான். ஜனவரி இரவிலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கிற பெங்களூரில் எந்த நுண்ணுயிரும் அந்தக் குளிரைக் கொண்டுவராது. இங்கே ஆலிவ் இலைக்காக வளர்க்கும் மரம்.

புகாருக்கு 1915 நுகர்வோர் உதவி எண். உரத்தின் தரம் பற்றியதென்றால் அருகிலுள்ள ரைத சம்பர்க்க கேந்திரத்தில் (கர்நாடக வேளாண் துறையின் உழவர் தொடர்பு மையம்) எழுதிக் கொடுக்கலாம். பிரிக்காத பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். எங்களிடம் ஒன்று இருக்கிறது. பில் மட்டும் இன்னும் வரவில்லை, யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் எழுதியிருக்கிறோம்.