புது வீட்டுக் குழாய் வேலை: குடிவந்த பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை

கோவைக்கு மேற்கே கட்டிய எங்கள் வீட்டுக்கு 2019 இல் குடிவந்தோம். தரைத்தளமும் ஒரு மாடியும். கட்டடத்தில் இதுவரை ஒரு விரிசல் இல்லை. தொல்லை எல்லாம் குழாய் வேலையில்தான். இத்தனை வருடம் புழங்கிய பிறகு எனக்குப் புரிந்தது இது: தண்ணீர் வருகிற குழாயில் தவறு இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். தண்ணீர் போகிற குழாயில் இருந்தால் காரணம் பிடிபடவே வருடக்கணக்காகும்.

எங்களை அதிகம் வாட்டியது தரைத்தளக் குளியலறை நாற்றம். எல்லா நேரமும் வராது. காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பும் நேரத்தில் சாக்கடை வாடை குப்பென்று அடிக்கும், மதியம் அடங்கிவிடும். பினாயில், ஆசிட், நாப்தலின் உருண்டை, நாற்றம் வராது என்று சொல்லி விற்கிற ஜாலி, எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஜாலி போட்ட புதிதில் குறைந்த மாதிரி இருக்கும், அப்புறம் பழையபடிதான். வந்து பார்த்த பிளம்பர்களில் ஒருவர் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்றார். சுத்தம் செய்தும் வாடை போகவில்லை.

கடைசியாக வந்தவர் வயதானவர். எதையும் கழற்றவில்லை. மாடியில் ஃப்ளஷ் அடிக்கச் சொல்லிவிட்டு, கீழே, குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்குகிற இடத்தில் பதித்த நானி ட்ராப் பக்கத்தில் குனிந்து நின்று கேட்டார். களக் களக் என்று சத்தம் வந்தது. நேராக மொட்டை மாடிக்குப் போனார். "ஏனுங்க, மேல பைப்புக்கு மூடி போட்டு அடைச்சு வெச்சிருக்காங்க. காத்து எப்படிங்க உள்ள வரும்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். தரையில் இருக்கிற ட்ராப்பில் 50 மி.மீ. அளவுக்காவது தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாடியில் ஃப்ளஷ் அடித்தால் 4 அங்குலக் குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது அதன் பின்னால் காற்று வேண்டும். குழாயை மொட்டை மாடிக்கு மேல் திறந்து விட்டிருந்தால் காற்று அங்கிருந்து வரும். எங்கள் வீட்டில் மாடிக் கழிவறை இணைப்பைத் தாண்டியதும் மூடி போட்டு ஒட்டிவிட்டார்கள். காற்று கிடைக்காமல், இறங்குகிற தண்ணீர் தரைத்தள ட்ராப் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. மூடியை அறுத்து எடுத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி குழாயை உயர்த்தி, கொசு நுழையாதபடி வலை வைத்த தொப்பி மாட்டினார். அரை நாள் வேலை. அதற்குப் பிறகு அந்த வாடை வந்ததே இல்லை. வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் மேஸ்திரி கணக்கு முடிப்பதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய் இந்த ஒரு குழாயைப் பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன். விருந்தாளி அறை மாதிரி புழங்காத குளியலறையில் ட்ராப் தண்ணீர் தானாகவே ஆவியாகிவிடும், அங்கே வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும்.

அடுத்தது சுவருக்குள் நடந்தது. படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்தது. மழை ஓதம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் கோடையிலும் காயவில்லை. அந்தச் சுவரின் மறுபக்கம் கீசர். டைல்ஸை உடைத்துப் பார்த்தால், சுடுதண்ணீருக்குப் போடுகிற சந்தன நிறச் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு நடுவே ஒரு துண்டு வெள்ளை யூபிவிசி. பொருள் பற்றாமல் போனபோது கையில் இருந்ததை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சிபிவிசி 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். யூபிவிசி குளிர்ந்த தண்ணீருக்குத்தான், சூட்டில் இளகிவிடும். இரண்டுக்கும் பசையும் வேறு. சிபிவிசி குழாய் மேலேயே ஐஎஸ் 15778 என்று இந்தியத் தர எண் அச்சடித்திருக்கும், டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துவிடலாம். நாங்கள் அந்தப் பழைய லைனை அப்படியே அடைத்துவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புது லைன் கொண்டுவந்தோம். பார்க்க அழகில்லை என்று வீட்டில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. எனக்கு அதுதான் நிம்மதி, கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். வெயில் படுகிற சிபிவிசிக்கு மட்டும் தண்ணீரில் கரைக்கிற பெயின்ட் அடித்துவிட வேண்டும், ஆயில் பெயின்ட் ஆகாது.

சிறுவாணித் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வருகிற வீடுகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி டேங்க். அவசரத்துக்கு உதவும் என்று இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். உப்பு படிந்து வால்வு முழுதாக மூடாமல் போனது. நல்ல தண்ணீர் டேங்கில் உப்புத் தண்ணீர் மெல்லக் கலந்தது. பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த இணைப்பை வெட்டி இரண்டு முனையையும் அடைத்துவிட்டோம். குடிக்கிற தண்ணீர் லைனோடு வேறெந்த லைனையும் வால்வை நம்பி இணைக்கவே கூடாது.

மாடி ஷவரில் தண்ணீர் வேகமில்லாமல் சொட்டுச் சொட்டாக வருகிற பிரச்சினை பல வீட்டில் இருக்கிறது. ஷவரை விட டேங்க் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் (அழுத்தத்தின் அளவு) அழுத்தம் கிடைக்கும். டேங்கை மொட்டை மாடித் தரையிலேயே உட்கார வைத்தால் மாடி ஷவருக்கு ஒன்றரை மீட்டர் உயரம்கூடக் கிடைக்காது. பிரஷர் பம்ப் வைத்தோம், ஓடுகிறது. கட்டும்போதே டேங்கை உயர்த்தியிருந்தால் கரண்ட் போனாலும் தண்ணீர் வந்திருக்கும்.

செய்த வேலைகளில் கொடுத்த காசுக்கு மேல் பலன் தந்தது, டேங்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி பால் வால்வு போட்டது. முன்பு ஒரு குழாய் கெட்டாலும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டும். இப்போது அந்தக் குளியலறையை மட்டும் மூடினால் போதும். இன்னொன்று, வீடு கட்டும்போது அப்பா எடுத்து வைத்த படங்கள். மாடியில் பூச்சு பூசும் முன் ஒவ்வொரு சுவரிலும் குழாய் போகிற இடத்தில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்திருந்தார். அவருக்கே முழங்கால் வலி வந்து குளியலறையில் கைப்பிடி மாட்டியபோது, எங்கே துளை போடலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

குழாய் முனைகளை அடைத்துக் கைப்பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்க்கிற சோதனையை எங்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை. அதற்குச் சம்மதிக்காத பிளம்பரிடம் சுவருக்குள் குழாய் வேலை கொடுக்க வேண்டாம்.

இன்னும் தீராதது சமையலறைக் கழிவு லைன். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி வாட்டம் வேண்டும். போர்டிகோவுக்கு அடியில் அது கிட்டத்தட்ட மட்டமாகப் போகிறது, போதாததற்கு இரண்டு வளைவு, அடைப்பு எடுக்கத் திறந்து பார்க்கிற தொட்டி கட்டும்போது எங்கும் வைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து அடைத்துக்கொள்கிறது. முதல் வளைவில் தொட்டி கட்டியதும் கம்பி விட்டுக் குத்த வழி கிடைத்தது, பாதித் தொல்லை குறைந்தது. மழை முடிந்ததும் போர்டிகோ கிரானைட்டை எடுத்துவிட்டு, ரசமட்டம் வைத்து வாட்டம் பார்த்துப் புதுக் குழாய் போட்டு, இரண்டாவது வளைவிலும் ஒரு தொட்டி கட்டச் சொல்லியிருக்கிறோம்.