குளிர்கால மலைப் பறவைக் கூட்டங்களுக்கு 8×30 பைனாகுலர் எப்படி?

நேராகவே சொல்லிவிடுகிறேன், டிசம்பர் விடுமுறையில் இமயமலைப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் 10×42 பைனாகுலர் வாங்காதீர்கள், 8×30 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்). என்னுடையது சிங்கப்பூரில் பெனின்சுலா பக்கம் ஒரு கேமராக் கடையில் ஐந்நூறு வெள்ளிக்குள் வாங்கியது. பத்து மடங்கு என்றால் பறவை பெரிதாகத் தெரியும் என்று கடைக்கார அங்கிள் பெரியதைத்தான் கையில் திணித்தார். தெரியும்தான், பறவை ஒரு இடத்தில் உட்கார்ந்தால். இங்கே சுங்கை பூலோ சதுப்புநிலச் சேற்றில் நிற்கும் உள்ளான்களுக்கு அது சரி.

இமயமலையில் நைனிதால் பக்கம் சாத்தாலிலும் பங்கோட்டிலும் குளிர்காலக் கதையே வேறு. கூடு கட்டும் காலத்தில் இணை இணையாக எல்லை பிரித்து ஒன்றையொன்று விரட்டும் சின்னப் பறவைகள், குளிர் வந்ததும் சண்டையை விட்டுவிட்டுக் கூட்டம் சேர்ந்துவிடும். உயரத்தில் பனி விழுந்து இரை குறைந்ததும் மேலே இருந்த பல இனங்களும் கீழே இறங்கி வந்துவிடுகின்றன. பகலோ குறைவு, ராத்திரிக் குளிரைத் தாங்க அதற்குள் வயிற்றை நிரப்பியாக வேண்டும், தனியாக மேய்ந்தால் வல்லூறு வருகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும், கூட்டத்தில் என்றால் யாராவது ஒருவர் பார்த்துக் கத்திவிடுவார்.

அதனால் காடு ரொம்ப நேரம் வெறிச்சென்று கிடக்கும், அப்புறம் ஒரே மரத்தில் எல்லாம் வந்து கொட்டும். முன்னால் கருந்தொண்டைச் சிட்டுகள், கட்டைவிரல் அளவுதான், செம்பழுப்புத் தொப்பி, கறுப்பு முகமூடி, அதற்கு நடுவே வெளிறிய கண், குச்சி நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அடுத்த குச்சிக்குத் தாவும். நட்ஹாட்ச் என்ற மரமேறும் சின்னப் பறவை ஒன்று அடிமரத்தில் தலைகீழாக இறங்கும். இவை கிளப்பிவிடும் பூச்சிகளை மஞ்சள் வயிற்று விசிறிவால் நோகாமல் காற்றிலேயே பிடித்துத் தின்னும் (எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் உண்டு). சில நிமிடம்தான், எல்லாம் ஒரே திசையில் நகர்ந்து போய்விடும்.

இந்த இடத்தில்தான் பார்வை அகலம் வேலை செய்கிறது. என்னுடையதில் 1000 மீட்டர் தூரத்தில் 145 மீட்டர் அகலம் தெரியும், 10×42 பலவற்றில் 110 சொச்சம்தான். பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும் கிளையில் என்னுடையதில் 2 மீட்டருக்கு மேல் தெரியும், 10×42இல் 1.7 மீட்டர். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், தாவுகிற சிட்டைத் தேடும்போது பாருங்கள். எடையும் குறைவு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாலும் கை நடுங்கவில்லை.

குறைகளும் உண்டு. விடியற்காலையில் படம் கொஞ்சம் மங்கல். கடுங்குளிரில் ஃபோகஸ் சக்கரம் இறுகிக்கொண்டது, கையுறையோடு திருப்ப முடியவில்லை, வெயில் ஏறியதும்தான் இளகியது. மூச்சு பட்டால் கண் பக்கத்து லென்ஸில் உடனே ஆவி படிந்து மூடிக்கொள்ளும். கழுத்துவார் சுத்த மோசம், அதை மாற்றிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் நம் ஈரக் காற்றுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டிரை பாக்ஸில் (உள்ளே ஈரம் சேராத பெட்டி) வைத்துவிடுங்கள், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கடையிலேயே கண்ணாடியோடு பார்த்துவிட்டு வாங்குங்கள், என் மனைவிக்கு ஓரமெல்லாம் கறுப்பாக வெட்டியது, அவருக்கு வேறு மாடல்தான் பார்க்க வேண்டும்.