பன்னிரண்டு வாரக் கவுன்சிலிங்: காலியாகக் கிடந்த நான்காவது வரி

இணையவழிக் கவுன்சிலிங் சேவை ஒன்றில் வாரம் 50 நிமிடமாகப் பன்னிரண்டு வாரம் பேசி முடித்திருக்கிறேன். எனக்கு இது பெரிய உதவி.

முன்பு போன இடத்தைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். அங்கே நானே காயப்படுத்திக்கொண்ட என் கைத்தழும்புகளைப் பார்த்துவிட்டு, "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டேன், திரும்பப் போகவில்லை.

இங்கே முதல் நாளே, "வீட்டில் அடித்தார்களா, திட்டிக் குறுகவைத்தார்களா, தவறாகத் தொட்டார்களா, கவனிக்காமல் விட்டார்களா?" என்று கவுன்சிலர் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அப்புறம், "சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் கிளம்பிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அன்றுதான் மூச்சே வந்தது.

எங்கள் வீட்டில் அடி குறைவு. "நீ ஏன் பிறந்து தொலைத்தாய்" என்பதுதான் தினமும். இதெல்லாம் ஒரு கொடுமையா என்று நானே நினைத்திருந்தேன். இதுவும் கொடுமைதான் என்றார். அமெரிக்காவில் 17,000 பேருக்கு மேல் விசாரித்து 2001-ல் வெளியான ஆய்வைச் சொன்னார். சொல்லால் வதைபடுவது உட்பட, சின்ன வயதுக் கொடுமைகளில் எதை அனுபவித்திருந்தாலும் தற்கொலை முயற்சிக்கான அபாயம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியிருந்ததாம். கொடுமைகள் சேரச் சேர அபாயமும் ஏறியதாம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "இதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த முயற்சிக்கே போவதில்லை" என்றார்.

யாராவது குரலை உயர்த்தினால் என் உடம்பு ஏழு வயதுக்குப் போய்விடும். அந்தக் கொதிப்பை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி காயப்படுத்திக்கொள்வதுதான். இதைக் கண்டுபிடிக்கவே பாதி வாரங்கள் போயின.

கையெழுத்துக்குப் பதில் இங்கே பாதுகாப்புத் திட்டம். ஒரு அட்டையில் ஆறு வரி: எண்ணம் வருவதற்கான அறிகுறி, தனியாகச் செய்யக்கூடியது, மனதை மாற்றும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர், மருத்துவ உதவி, ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைப்பது. என் நான்காவது வரி காலியாகவே கிடந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாம் வாரம் சித்தி மகள் பெயரை எழுதினேன், அன்றிரவே அவளிடம் சொல்லியும் விட்டேன். "எந்நேரமானாலும் கூப்பிடுக்கா" என்றாள்.

குறை என்றால், முதல் சந்திப்புக்கு மூன்று வாரம் காக்கவைத்தார்கள். இந்த நிலையில் இருப்பவருக்கு அது ரொம்ப நீளம். இது அவசர உதவி இல்லை, நெருக்கடியில் அவசர எண்ணையோ மருத்துவமனையையோதான் நாட வேண்டும் என்பதையும் இன்னும் பெரிய எழுத்தில் போட வேண்டும். அதனால் ஐந்துக்கு நான்கு.

அட்டை இப்போது கைப்பேசி உறைக்குள் இருக்கிறது. போன வாரம் ஓர் இரவு எடுத்தேன். நான்காவது வரி வரை போக வேண்டியிருந்தது. தங்கை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.