தேக்கா பக்கம் ஒரு லாஜிக் வகுப்பு: ஆசிரியருக்காகப் போகலாம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் வார இறுதியில் நடக்கும் லாஜிக் வகுப்புக்குப் போய்வந்தேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் நிலையத்தின் பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம், அதில் மூன்று ஆசிரியருக்கு.

ஆசிரியர் மோடஸ் போனென்ஸ் என்று ஆரம்பித்ததும் பாதிப்பேர் போனை எடுத்துவிட்டார்கள். அவர் அசரவில்லை. முழுப்பெயர் மோடஸ் போனெண்டோ போனென்ஸ், லத்தீனில் போனெரே என்றால் வைப்பது, அதாவது ஒன்றை உண்டு என்று வைத்து அதிலிருந்து இன்னொன்றை உண்டு என்று நிறுவும் முறை. டோல்லெரே என்றால் எடுப்பது, அதிலிருந்து வருவது மோடஸ் டோலென்ஸ், அதாவது ஒன்று இல்லை என்று காட்டி இன்னொன்றும் இல்லை என்று நிறுவும் முறை. அப்புறம் நேரே சாப்பாட்டுக்கடை வரிசைக்கு வந்துவிட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் வரிசை நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆகவே வரிசை நீளும், இது போனென்ஸ். வரிசையே இல்லை, ஆகவே சாப்பாடு சுமார், இது டோலென்ஸ். இரண்டும் செல்லும். ஆனால் வரிசை நீளம், ஆகவே சாப்பாடு பிரமாதம் என்று நாம் தினமும் போடுகிற கணக்கு மட்டும் செல்லாது, பக்கத்துக் கடை அன்றைக்கு லீவாக இருக்கலாம், கல்லாவில் இருப்பவர் ஆமை வேகமாக இருக்கலாம். இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு அங்கிள், "அப்ப நான் இத்தனை வருஷமா நின்னது?" என்றார்.

குறை கையேட்டில்தான். மோடஸ் போனென்ஸைக் கண்டுபிடித்தவர் அரிஸ்டாட்டில் என்று அச்சடித்திருக்கிறார்கள். அவருடைய சிலாஜிசம் என்ற வாத முறை 'எல்லா மனிதரும்', 'சில மனிதர்' என்று வகைகளை வைத்து நடப்பது. 'முதலாவது என்றால் இரண்டாவது, முதலாவது உண்டு, ஆகவே இரண்டாவது' என்று முழு வாக்கியங்களை வைத்து முறைப்படுத்தியவர்கள் ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினர், முக்கியமாக கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிரிசிப்பஸ். சரக்கு கிரேக்கம், லத்தீன் பெயர் பின்னால் ஒட்டியது. ஆசிரியருக்கு இது தெரிந்திருக்கிறது, கிரிசிப்பஸின் நாய்க்கதையையே சொன்னார்: இரையைத் துரத்திய நாய் முச்சந்தியில் இரண்டு பாதைகளை மோந்து பார்த்துவிட்டு, இரண்டிலும் இல்லை, ஆகவே மூன்றாவதில்தான் என்பதுபோல் மூன்றாவதை மோக்காமலே அதில் ஓடியதாம். ஆசிரியரையே கையேடு எழுதச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, தமிழர்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மணிமேகலையை யாருமே தொடவில்லை. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல என்று பௌத்தத் துறவி அறவண அடிகள், பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) எல்லாம் சொல்லிக்கொடுக்கும் காதை அதில் இருக்கிறதே! போலி வாதங்களும் அங்கேயே வரிசையாக வரும்.

கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். ஏர்கானில் பல் கிட்டும், ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.