அடைக்கோழிக்கென வாங்கிய இரண்டாவது கூண்டு: ஓராண்டுக்குப் பிறகு

மணப்பாறைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தில் பன்னிரண்டு பெட்டைகளும் ஒரு சேவலும் ஆறு ஆண்டுகளாக ஒரே குடாப்பில் அடைந்துவந்தன. செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட அந்தக் குடாப்பில் இடத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால் தொல்லை தொடங்கிவிடும். அது இரை எடுக்க இறங்கும் நேரம் பார்த்து மற்ற பெட்டைகள் அதே கூடையில் ஏறி முட்டையிடும். அடையில் இருந்த முட்டை எது, அன்றைக்கு இட்ட முட்டை எது என்று தெரியாமல் போகும். நெரிசலில் இரண்டொன்று உடைந்து, மஞ்சள் கரு மற்ற முட்டைகளின் மேல் ஒட்டி அவற்றையும் கெடுத்துவிடும். பதினொரு முட்டை வைத்து, 21 நாள் காத்திருந்து, நான்கே குஞ்சுகள் பொரித்த ஒரு முறைக்குப் பிறகுதான், தனிக்கூண்டு இல்லாமல் இனி அடை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

வாங்கியது, புறவழிச்சாலை ஓரத்து வெல்டிங் பட்டறை ஒன்றில் விற்பனைக்கு வைத்திருந்த இரும்புக் கூண்டு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி நிறுத்தும் கால்கள். நடுவில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு தடுப்பு. அடியில் இழுத்தெடுக்கும் எச்சத்தட்டு. மேலே தகரக் கூரை. விலை 7,200 ரூபாய், வண்டி வாடகை 400 ரூபாய். எட்டுக் கோழிகள் தாராளமாக அடையும் என்று பட்டறையில் சொன்னார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எட்டுச் சதுர அடிக் கூண்டில் நான்கு கோழிகள்தான் அடையலாம். ஒரு தாய்க்கோழிக்கும் அதன் குஞ்சுகளுக்கும் இந்த இடம் நிறைவாகப் போதும். அந்த அளவில் மட்டும் எதிர்பார்த்து வாங்குவோருக்கு ஏமாற்றம் இராது.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை பற்றவைப்பு உறுதியாக உள்ளது. ஓராண்டில் ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை. நாய் முட்டியும் கீரி பிறாண்டியும் கதவு அசையவில்லை. ஆனால் சுற்றிலும் அடித்திருந்த வெல்டு மெஷ்ஷின் கண் ஒரு அங்குலம். வளர்ந்த கோழிக்கு இது சரி. குஞ்சுக்குச் சற்றும் பொருந்தாது. முதல் அடையில் குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் காலையில், தாய்க்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கம்பியின் ஓரத்திலேயே முன்னும் பின்னுமாக ஓடிக் கத்தியதைக் கேட்டு ஓடிச் சென்று பார்த்தேன். ஒரு குஞ்சு வெளியே விழுந்து கூண்டின் காலுக்கடியில் நின்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று தலையையும் ஒரு சிறகையும் கண்ணுக்குள் நுழைத்துவிட்டு, முன்னுக்கும் வர முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் துடித்தது. முருங்கைக் கிளையில் இரண்டு காகங்கள் தயாராக உட்கார்ந்திருந்தன. அன்றே அரை அங்குல மெஷ் வாங்கி வந்து, கீழிருந்து ஒன்றேகால் அடி உயரத்துக்குச் சுற்றிலும் கட்டுக்கம்பியால் கட்டினேன். 650 ரூபாய் கூடுதலாயிற்று. அடைக்கோழிக்கென்றே விற்கும் கூண்டில் இதைப் பட்டறையே செய்திருக்க வேண்டும். குஞ்சுகளைத் தேடி இரவில் வரும் எலியையும் பெரும்பாலான பாம்புகளையும் தடுப்பது அரை அங்குலக் கண்தான்.

அடித்தளமும் கம்பிவலைதான் என்பதில் நன்மையும் தீமையும் கலந்திருக்கின்றன. எச்சம் கீழே தட்டில் விழுந்துவிடுவதால் குஞ்சுகள் ஈர எச்சத்தைக் கிளறி ரத்தக்கழிச்சல் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் பிஞ்சுக் கால்களுக்கு அந்தக் கம்பி ஆகாது, விரல் சிக்கிக்கொள்ளும். ஆகவே முதல் இரண்டு வாரம் சணல் சாக்கு விரித்து அதன்மேல் உமி தூவுகிறேன், சாக்கைத் தினமும் மாற்றுகிறேன், பிறகு எடுத்துவிடுகிறேன். தட்டின் விளிம்பை மடித்து அடிக்காமல் விட்டிருந்ததால் முதல் வாரமே கை கிழிந்தது. அரத்தால் ராவிய பிறகே அச்சமின்றி இழுக்க முடிந்தது.

தகரக் கூரைதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூண்டுக்குள் கை வைத்துப் பார்த்தால் அடுப்பங்கரைச் சூடு. கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். அடையில் உட்கார்ந்திருக்கும் கோழி அப்படி இரைப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. வேப்பமர நிழலுக்கு நகர்த்தி, தகரத்தின்மேல் தென்னங்கீற்று இரண்டு அடுக்கு வேய்ந்த பிறகு நிலைமை மாறியது. ஐப்பசி மழைக்கு வடகிழக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் தொங்கவிட்டால் போதும். நாலாபுறமும் மூடினால் காற்றோட்டம் நின்று உள்ளே ஈரநெடி கட்டிக்கொள்கிறது.

குறைகள் இத்தனையும் சொன்ன பிறகும், எதற்காக வாங்கினோமோ அந்த வேலையை இந்தக் கூண்டு நிறைவாகச் செய்கிறது. மூன்று முறை அடை வைத்தோம். ஒவ்வொரு முறையும் பதினொரு முட்டைக்கு எட்டு அல்லது ஒன்பது குஞ்சுகள் கிடைத்தன. பாதிக்கு அடைக்கூடை, மறுபாதிக்கு இரையும் நீரும் என்று தடுப்பை அரைகுறையாக மாட்டி வைத்தால், கோழி இறங்கித் தின்று ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறது. ஏழாம் நாள் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டுவதற்கும், பிப்ரவரி மாதத் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளை முந்தைய இரவே பிடித்து வைப்பதற்கும் இது பேருதவி. முன்பெல்லாம் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக்கொண்டு விடியற்காலையில் கொல்லை முழுதும் துரத்துவோம்.

சந்தையில் வாங்கிய புதுக்கோழியை ஒதுக்கி வைக்கவும் இது உதவும் என்று பட்டறையில் சொன்னார்கள். பழைய குடாப்புக்குப் பக்கத்திலேயே வைத்தால் அதில் பயனில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய், இரைத்தட்டு, தண்ணீர்ப் பாத்திரம், நம் செருப்பு என எதன் வழியாகவும் பரவும். புதுக்கோழியை வீட்டின் மறுபக்கத்தில், தனிப் பாத்திரங்களோடு, இரண்டு மூன்று வாரமாவது வைத்துப் பார்த்து, பழைய கோழிகளுக்கு இரை வைத்த பிறகே அதனிடம் செல்ல வேண்டும். நோயில்லை என்று தெளிந்த பிறகுதான் கூண்டைக் குடாப்பின் அருகே கொண்டுவந்து, கம்பி வழியே ஒன்றையொன்று பார்த்துப் பழக ஒரு வாரம் விடுவது சரி. அதன்பின் மாலை இருட்டில் சேர்த்துவிட்டால் கொத்துச்சண்டை குறைவாக இருக்கிறது. ஆக, இந்தக் கூண்டை அடிக்கடி இடம் மாற்ற நேர்கிறது. ஆனால் இருவர் தூக்கினால்தான் நகர்கிறது, என் மனைவிக்கும் எனக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டு கால்களில் சக்கரம் வைத்துத் தந்திருந்தால் இந்தச் சிரமம் இராது.

அடுத்த தெருவில் இருக்கும் என் மைத்துனர் இதே பட்டறையில் சென்ற மாதம் சொல்லிச் செய்தார்: கீழ்ப்பாதிக்கு அரை அங்குல மெஷ், மடித்த விளிம்புள்ள தட்டு, பின்கால்களில் சக்கரம். 8,300 ரூபாய் ஆயிற்று. தயாராக நிற்கும் கூண்டை வாங்குவதைவிட, பத்து நாள் பொறுத்து இப்படிச் சொல்லிச் செய்துகொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.